சுவரோரத்து இடுப்பெலும்பு

பிப்ரவரி 3, திங்கள்

எலும்புகள் வந்துவிட்டன.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பினால், என் கட்டில் மேல் ஒரு பழைய அரிசிப் பை. மேல்மாடி சீனியர் ஒருவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே அப்படி ஒரு வழக்கம். முதல் வருடத்தைத் தாண்டியவர்கள் தங்கள் எலும்புப் பையை யாராவது ஒரு ஜூனியரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பையைத் திறந்ததும் மேலே கிடந்தது தொடை எலும்பு. என்ன கனம்! பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் விரல் நீளத்துக்கு இருந்த படம் இப்போது என் இரண்டு கைகளையும் நிறைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் தலை எலுமிச்சம்பழம் போல உருண்டு வழுவழுவென்று இருக்கிறது. அரை மணி நேரம் அதை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

புது நோட்டு என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். நான் நாகஜோதி. அரசு மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா அதே மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கித் தரம் பிரிக்கிறாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது நான்தான்.

இந்த நோட்டை எழுதச் சொன்னது என் அறைத்தோழி ஜெஸிந்தா. வாயில் வராததைக் கையிலாவது வரவழை என்றாள். அவள் தூத்துக்குடிக்காரி. அப்பா படகு இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசியே வளர்ந்ததாலோ என்னவோ, அவள் எங்கள் அறையில் பேசினால் பக்கத்து அறையில் பதில் வரும்.

வாயில் வராதது என்றால் இதுதான். ஜனவரியில் எலும்புகள் பற்றி வாய்மொழித் தேர்வு நடந்தது. இங்கே அதற்கு வைவா என்று பெயர். துறைத் தலைவர் இஸ்மாயில் சார் என் கையில் ஒரு தோள்பட்டை எலும்பைக் கொடுத்து, வலதா இடதா என்று கேட்டார். வலது. எனக்குத் தெரியும். தொட்டவுடன் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் இன்னொரு தடவை கேட்டார். நான் அந்த எலும்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பூஜ்யம். இந்த மாதக் கடைசியில் அடுத்த வைவா. அதிலும் வாய் திறக்காவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். வகுப்பு இரண்டாம் வருடத்துக்குப் போகும். நான் இங்கேயே நிற்பேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்று ஒரு வித்தை கைவந்தது. எந்த எலும்பைக் கொடுத்தாலும் அதை முதலில் உடம்பில் அது இருக்கும் திசையில் பிடிக்க வேண்டும். மேலே எது, முன்னே எது, வெளியே எது என்ற மூன்றும் தெரிந்தால் வலது இடது தானாக வந்துவிடும். காரை எலும்பை என் கழுத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மறுபக்கம் வைத்தேன். பூட்டும் சாவியும் போல உட்கார்ந்தது. யாரோ ஒருவருடைய எலும்பு என் தோளில் அப்படி உட்கார்ந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பயத்தால் இல்லை.

டிஸெக்‌ஷன் ஹாலில், அதாவது பிணம் அறுத்துப் படிக்கும் கூடத்தில், எல்லோரும் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஜெஸிந்தாவுக்கு மட்டும் ஸ்டூல் உண்டு. நான் அவள் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவளுடைய பையும் என் தோளில்தான் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். எலும்புப் பை வந்த விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சந்தோஷத்தில் உளறிவிட்டேன். மண்டையோடும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் என்றேன்.

"அதுக்கு நேரா காலை நீட்டிப் படுக்காத பாப்பா. அவுகளும் ஒரு வீட்டுல பொறந்தவுகதான?"

அப்பா போனை வாங்கி, மூட்டை தூக்குகிறவனுக்கு எந்த எலும்பு முதலில் தேயும் என்று கேட்டார். கழுத்து எலும்புகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வீட்டில் எனக்கு நன்றாகப் பேச வருகிறது. அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்து, போதும் தாயி, ராத்திரி தூக்கம் வராது என்று வைத்துவிட்டார்.

பையை மேசை மேல் ஏற்றிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஜெஸிந்தா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஒரு எலும்பைப் பற்றிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேசையின் அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். அதுவரை குழம்புக் கிண்ணம் அவள் பக்கம்தான் இருக்கும்.

மதியம் முழங்கால் சில்லு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழம்பைத் தள்ளி வைத்துவிட்டாள். மறுபடி சொன்னேன். எதிர் வரிசையில் இருந்த தருண் திரும்பி, "வால்யூம் கூட்டு நாகஜோதி, இங்க சிக்னல் வரல" என்றான். சென்னைப் பள்ளியில் படித்தவன். ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசுவான். ஜெஸிந்தா அவனிடம், உன் தட்டுல இருக்குற கோழிக் கால் வலதா இடதா, அதை முதல்ல சொல்லு என்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேசை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் முழங்கால் சில்லை முழுதாகச் சொல்லிவிட்டேன், ஆங்கிலத்தில். குழம்பு வந்தது.

இரவு விலா எலும்பு. அதற்கு முட்டை கிடைத்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

மணிக்கட்டின் சின்ன எலும்புகளைத் துணிப்பைக்குள் போட்டுக் கையை விட்டுத் தடவியே பெயர் சொன்னேன். எல்லாம் சரி!

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி துவைத்தேன். அறை பெருக்கினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் உள்ளே எலும்பு தெரிகிறது. வார்டன் மேடத்துக்கு முழங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. நின்றால் நடுவில் ஒரு பூனை புகுந்து போகலாம். மெஸ் அண்ணனுக்கு வலது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. சோற்று அண்டா தூக்கும் பக்கம். தருணுக்குக் கழுத்து முன்னால் நீண்டிருப்பது செல்போனைக் குனிந்து பார்த்தே வந்தது. இதையெல்லாம் ஜெஸிந்தாவிடம் சொல்லிக்கொண்டே துணி காயப்போட்டேன். அவள் மாடிச் சுவரில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று கேட்டாள்.

"எல்லாரையும் பாத்திருக்க. என்னயப் பத்திச் சொல்லுட்டி."

உன் காரை எலும்பு அழகாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றேன். உண்மைதான். படம் வரைந்தது போல இருக்கும்.

"காரை எலும்பு" என்றாள். நான் காய்ந்த துணிகளை மடித்தேன். கீழே இறங்கும்போது வழக்கம் போல நான் முன்னால் இறங்கிவிட்டேன். நான் எப்போதும் ஓரடி முன்னால்தான் நடப்பேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உடற்கூறியல் மியூசியத்தை இந்த வாரம் திறந்து வைத்திருக்கிறார்கள், வைவாவுக்குப் படித்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது. ஜெஸிந்தாவைக் கூப்பிட்டேன். தலைவலி என்றாள். வற்புறுத்தவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

மியூசியத்தின் மூலையில் ஒரு இடுப்பெலும்பு இருக்கிறது. இரண்டு பக்கத்து இடுப்பெலும்புகளும், நடுவில் முதுகெலும்பின் அடியில் வரும் முக்கோணமான திரிகமும். இங்கே அதை சேக்ரம் என்கிறார்கள். மூன்றையும் கம்பியால் கட்டி ஒரு இரும்பு ஸ்டாண்டில் திருகி வைத்திருக்கிறார்கள். அட்டையில் 'ஆண்' என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு முன் படித்தவர்கள் எல்லோரும் ஆண் இடுப்பைப் படித்தது இதில்தான்.

ஆணா பெண்ணா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. இடுப்பெலும்பின் பின்பக்கம் ஒரு பெரிய வளைவு இருக்கும். அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். விரல் இறுக்கமாக உட்கார்ந்தால் ஆண். விரல் அசைய இடமிருந்தால் பெண். எல்லோரும் வரிசையாக வந்து விரலை வைத்துப் பார்த்து, ஆண், ஆண் என்று போனார்கள். நானும் வைத்தேன். இறுக்கம்.

அப்போது தருணும் அவன் கூட்டமும் உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்தால் வால்யூம் என்று ஏதாவது சொல்வார்கள். நான் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் நின்றுகொண்டேன். ஒல்லியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி. அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. எலும்பின் இடது பாதி முழுக்கச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது, தூசியோடு. சும்மா நிற்கிறோமே என்று அந்தப் பக்க வளைவிலும் விரலை வைத்தேன்.

விரல் ஆடியது!

மறுபடி வைத்தேன். நன்றாக ஆடியது. இன்னொரு விரலுக்குக்கூட இடமிருந்தது. இடது எலும்பே வேறு மாதிரி, மெல்லியதாக, சின்னதாக இருந்தது. வலது தடித்த ஆண். இடது பெண்.

இரண்டு பேர்! இரண்டு மனிதர்களின் எலும்பை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை.

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். ஹாஸ்டலுக்கு ஓடி ஜெஸிந்தாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். இதை நீ வைவாவில் சொல்ல வேண்டும், இஸ்மாயில் சார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். தலையாட்டினேன். தலையாட்டினால் போதாது, வாயால் சொல் என்றாள்.

"சொல்றேன்."

"வார்டனுக்குக் கேக்கணும்."

"சொல்றேன்!"

கீழ்த்தளத்தில் வார்டன் அறைக் கதவு திறந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

மறுபடி போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இரண்டு பேர்.

பிப்ரவரி 24, திங்கள்

நாளை வைவா. என்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது, அது எலும்பைப் போலக் கெட்டியாக இருக்கிறது. இது பயம் இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் இப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறப்பதற்கு முன்.

டிஸெக்‌ஷன் ஹாலில் நீள மேசை போட்டு எலும்புகளைப் பரப்பியிருந்தார்கள். மியூசியத்து ஸ்டாண்டும் கீழே வந்திருந்தது. குழு குழுவாக உள்ளே போக வேண்டும். குழு முழுவதும் முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. ஜெஸிந்தாவுக்கு எனக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவள் நன்றாகச் சொன்னாள். அவளுக்கு மண்டையோடு வந்தது. முடித்துவிட்டுக் கதவோரம் தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். தருணும் முடித்துவிட்டு நின்றான். அவனுக்குத்தான் இந்த இடுப்பெலும்பு வந்தது. விரலை வைத்து, ஆண் என்று சொல்லிப் பாராட்டு வாங்கியிருந்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

இஸ்மாயில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போன தடவை மாதிரி நிற்காதே அம்மா, தெரிந்ததைச் சொல், தமிழிலேயே சொல் என்றார். ஸ்டாண்டை என் பக்கம் தள்ளினார். ஆணா பெண்ணா?

வாய் திறக்கவில்லை. அதே ஜனவரி. அதே கனம் நாக்கில். சார் காத்திருந்தார். நான் ஜெஸிந்தாவைப் பார்த்தேன். அங்கே இல்லாத ஒரு கிண்ணத்தை அவள் மெதுவாகத் தன் பக்கம் இழுப்பது போலக் கையைக் காட்டினாள்.

"ரெண்டும், சார்" என்றேன்.

தருண் சிரித்துவிட்டான். சார் என்னது என்றார்.

"ஒரு ஆள் இல்ல சார். ரெண்டு பேர். வலது ஆண். இடது பெண்."

சொல்லிவிட்டேன். சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. ஸ்டாண்டைத் திருப்பி, விரலை இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன். இந்த எலும்பின் தடிமனைப் பாருங்கள், அந்த எலும்பைப் பாருங்கள் என்றேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தது. கை தானாகக் காட்டியது. சார் எழுந்து வந்து தன் கட்டைவிரலை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது. அட்டெண்டரைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னார். மற்ற மேசையில் இருந்த ஆசிரியர்களும் வந்தார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி. என் வாழ்க்கையில் இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

கம்பியை அவிழ்த்தார்கள். மூன்று எலும்புகளும் தனித்தனியாக வந்தன. சார் சேக்ரத்தைக் கையில் எடுத்து, இடது எலும்பை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த மூட்டில் இரண்டு எலும்பின் முகமும் மேடும் பள்ளமுமாக இருக்கும். இங்கே மேடு என்றால் அங்கே பள்ளம். வேறு ஆளின் எலும்பை வைத்தால் உட்காராது.

உட்கார்ந்தது. ஈர மணலில் பதிந்த தடத்தில் அதே கால் மறுபடி இறங்குவது போல. வலது பக்கத்தையும் வைத்தார். அதுவும் உட்கார்ந்தது.

"ஒரே ஆள்தாம்மா" என்றார், மெதுவாக.

நான் இதைப் பார்க்கவே இல்லை. வளைவைப் பார்த்தேன், கோணத்தைப் பார்த்தேன், புத்தகத்தில் ஆண் பெண் என்று போட்டிருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்றும் சேரும் இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. சார் கோபப்படவில்லை. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகு ஏன் இப்படி என்று தனக்குள் பேசிக்கொண்டார்.

"சார், நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

ஜெஸிந்தா. ஸ்டூலை விட்டு எழுந்து மேசைக்கு வந்தாள். அந்தத் தூரம் அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. மூன்று எலும்பையும் என்னைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, அதைத் தன் வயிற்றுக்கு முன்னால், உடம்பில் இருக்கும் திசையிலேயே வைத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இது ரெண்டு பேரு இல்ல. என்னய மாதிரி ஒரு ஆளு."

ஜெஸிந்தாவுக்கு இடது கால் குட்டை. வகுப்பில் இது தெரியாதவர்கள் கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து, அந்த மூட்டு கெட்டுப்போய்விட்டது என்று அவள் சாரிடம் சொன்னாள். கால் வளரவில்லை. ஒவ்வொரு வருடமும் எக்ஸ்ரே எடுப்பார்கள். "வீட்டுல என் போட்டோவ விட என் எக்ஸ்ரேதான் சார் அதிகம். அதுல என் இடுப்பு இப்படியேதான் இருக்கும். வலது பக்கம் மொத்த எடையும் தாங்குதுல்லா, அது தடிச்சு, உள்ள தள்ளி, வளைவு குறுகிப்போகும். இடது அப்படியே சின்னப் பிள்ள மாதிரி நின்னுரும்."

சார் ஆமாம் என்றார். அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொல்லிக் கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் குறிக்கவில்லை. நான் அந்த எலும்பையும் ஜெஸிந்தாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாகஜோதி" என்றார் சார். "நீ சொன்னது தப்பு. கேள்வி அப்படியே இருக்கு. ஒரு ஆள். ஆணா, பெண்ணா?"

தப்பாகச் சொன்ன அதே வாயைத் திறக்க வேண்டும். அதுவும் எல்லோர் முன்னாலும். ஆனால் விடை எலும்பில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்க என்னால் முடியவில்லை. பின்பக்க வளைவை இந்த ஆளிடம் நம்பக்கூடாது, எடை அதை மாற்றிவிட்டது என்றேன். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள வளைவைக் காட்டினேன். அது கோணலாக இருந்தாலும் அகலம். சேக்ரம் குட்டையாக, அகலமாக இருந்தது. பெண் என்றேன். அட்டை தப்பு என்றேன்.

அட்டையை எழுதியது யார் என்று சார் கேட்டார். தெரியாது என்றேன்.

"நான்தான்" என்றார். "இங்க சேர்ந்த புதுசுல. வலது பக்கம் மட்டும் பாத்து எழுதினேன். சரி, மேல சொல்லு."

மேலே சொன்னேன். அவர் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 26, புதன்

பாஸ். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகிறேன்!

அப்பாவிடம் சொன்னபோது, பின்னால் மார்க்கெட்டில் யாரிடமோ "எம்புள்ள பேசிப்புட்டா" என்று கத்தியது கேட்டது.

மதியம் மெஸ்ஸில் தருண் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தான். தன் இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, தோலுக்கு மேலே தெரியுமா என்று கேட்டான். ஜெஸிந்தா அதற்கு முதலில் நீ சாக வேண்டும் என்றாள்.

மார்ச் 1, சனி

புது அட்டையை எங்களையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் சார். இரண்டு வரி போதுமாம். எலும்பு மறுபடி மியூசியத்துக்குப் போய்விட்டது. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.

நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். நானும் வருகிறேன் என்றாள் ஜெஸிந்தா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் முன்னால் போகவில்லை. அவள் பக்கத்திலேயே ஏறினேன். இடது காலை வைக்கும்போது உடம்பு சாய்கிறது, வலது கால் அதைத் தூக்கி நிறுத்துகிறது. ஒவ்வொரு படியிலும் அந்த வேலை நடக்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தோம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இதக் கேக்க உனக்கு இவ்வளவு மாசமாச்சா?"

அவளே சொன்னாள். ஏறும்போது வலிக்காது, இறங்கும்போதுதான். மழைக்கு முந்தின நாள் வலிக்கும். கல்லூரியில் சேரும்போது ஒரு அதிகாரி ஊனத்தைச் சரிபார்க்க அவளை நடந்து காட்டச் சொன்னார், அது இதையெல்லாம்விட வலித்தது. நீ என்னைப் பார்க்காமல் முன்னால் போவதும் கொஞ்சம் வலிக்கும் என்றாள், தோளில் இடித்துக்கொண்டே. பிறகு எழுந்து மீதியையும் ஏறினாள்.

மியூசியத்தில் யாரும் இல்லை. அவள் எலும்பைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஆணா பொண்ணான்னு இத்தன பாடு பட்டாச்சு. இவ நடந்தாளா, இல்ல படுத்தே கெடந்தாளா? அத யாரும் கேக்கல பாத்தியா."

எனக்கும் தோன்றவில்லை. எலும்பில் அது இருக்குமா?

தேடினோம். தொடை எலும்பின் தலை வந்து உட்காரும் குழி இடுப்பெலும்பின் வெளிப்பக்கம் இருக்கிறது. வலது குழி ஆழமாக, நல்ல உருண்டையாக இருந்தது. இடது குழி ஆழமில்லை, ஒரு பக்கமாக விரிந்திருந்தது. அதன் மேல் விளிம்பில் ஒரு இடம் பளபளவென்று இருந்தது. வார்னிஷ் என்றேன். மியூசிய எலும்புகளுக்கெல்லாம் வார்னிஷ் அடிப்பார்கள். ஜெஸிந்தா நகத்தால் சுரண்டினாள். மற்ற இடங்களில் மஞ்சள் பொருக்காக உதிர்ந்தது. அந்த இடத்தில் உதிர ஒன்றுமே இல்லை. அங்கே வார்னிஷ் ஒட்டவே இல்லை. மின்னியது எலும்புதான்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தோம். பல வருடம் அரைத்த அம்மியில் குழவி ஓடும் இடம் எப்படி இருக்கும், அப்படி. அதில் மெல்லிய கோடுகள்கூட இருந்தன. எல்லாம் ஒரே திசையில், முன்னிருந்து பின்னாக. கால் போய்வரும் திசையில்.

மூட்டில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து தீர்ந்தபிறகு எலும்பும் எலும்பும் நேராக உரசும். உரசி உரசிக் கண்ணாடி ஆகும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். படுத்துக் கிடந்தவளுக்கு இது வராது.

ஜெஸிந்தா அந்தப் பளபளப்பின் மேல் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

அட்டையை எடுத்துக்கொண்டு சாருடைய அறைக்குப் போனோம். எலும்பையும் கொண்டுபோனோம். எழுத்து ஜெஸிந்தாவுடையது. என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும்.

சார் படித்தார். முதல் வரிகளுக்குத் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்தார்.

"இது வேண்டாம்மா. மியூசியம் அட்டையில நோய் பேர் போட்டா போதும். நடந்தாங்க, ஓடினாங்கன்னு எல்லாம் எழுதறதில்ல. ஆதாரம் வேணுமில்ல?"

ஜெஸிந்தா வாய் திறப்பாள் என்று நினைத்தேன். அவள் எவ்வளவோ பேசக்கூடியவள். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். அந்த எலும்பு என் கையில்தான் இருந்தது.

நான் எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் இடது குழியை அவர் பக்கம் திருப்பினேன். வார்னிஷ் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று தொடங்கினேன். கோடுகளின் திசையைச் சொன்னேன். ஒரு வருடம், இரண்டு வருடத்தில் எலும்பு இப்படி மின்னாது என்று சொன்னேன். குருத்தெலும்பு போனபிறகும் இந்தக் காலை ஊன்றியிருக்கிறார், ஒவ்வொரு அடியும் வலித்திருக்கும், வலித்தபிறகும் ஊன்றியிருக்கிறார் என்று சொன்னேன். அட்டெண்டர் ஃபைலோடு உள்ளே வந்து அப்படியே நின்றார். சார் நடுவில் ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆதாரம் இல்லாமல் நீங்கள் ஆண் என்று எழுதினீர்கள், ஆதாரத்தோடு நாங்கள் இதை எழுதுகிறோம் என்றும் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. ஜெஸிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

சார் எலும்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடினார்.

அட்டையில் இப்படி இருக்கிறது:

பெண்.
சிறுவயதில் இடது இடுப்பு மூட்டு நோயால் சேதமடைந்தது.
அந்தக் காலை ஊன்றிப் பல வருடம் நடந்தவர்.